நீர் காத்த அரண்கள்

நுழையும்முன்

கோட்டை என்றதும் போர் நினைவுக்கு வருகிறது. அரண்மனை என்றதும் செல்வம் நினைவுக்கு வருகிறது. ராஜஸ்தானின் பாலைநிலத்தில் எழுந்த கட்டடங்களை இவ்விரண்டைக் கொண்டு மட்டும் விளக்கிவிட இயலாது. ஆண்டில் சில நாள்களே மழை காணும் நிலத்தில், துளித்துளியாய் நீரைக் கணக்கிட்டு வாழ்ந்த மக்களின் அறிவு அக்கற்களுள் பொதிந்துள்ளது. அவ்வறிவை அறிந்துகொள்ளவும், அதை மறந்ததால் இன்று நேர்ந்துள்ள இடரை உணரவும் இப்பாடம் துணைசெய்கிறது.

பாலையில் ஏன் நகரம்?

தமிழ் இலக்கியம் நிலத்தை ஐந்தாகப் பகுத்தது. அவற்றுள் பாலை தனி நிலமன்று. மழை பொய்த்து, குறிஞ்சியும் முல்லையும் தம் இயல்பு கெட்டபோது தோன்றும் நிலையே பாலை. மழை பெய்தால் அந்நிலம் மீண்டும் தழைக்கும். இந்தியாவின் வடமேற்கில் உள்ள தார்ப் பாலைவனமோ நிலையான பாலை. ஆரவல்லி மலைத்தொடருக்கு மேற்கே விரிந்து, இன்றைய பாகிஸ்தானின் சிந்துப் பகுதிவரை அது பரவியுள்ளது. அதன் மேற்குப் பகுதியில் அமைந்த ஜெய்சல்மேரில் ஓராண்டின் சராசரி மழையளவு ஏறத்தாழ 200 மில்லிமீட்டரே. கோடை வெப்பம் 45 பாகை செல்சியசைக் கடப்பதுண்டு. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் அங்கில்லை.

இத்தகைய நிலத்தில் நகரங்கள் எவ்வாறு தோன்றின? விடை வணிகத்தில் உள்ளது. இந்தியாவின் உட்பகுதிகளைச் சிந்து, பாரசீகம், நடு ஆசியா ஆகியவற்றுடன் இணைத்த ஒட்டக வழிகள் இப்பாலையின் ஊடே சென்றன. நெடுவழி நடந்த வணிகச் சாத்துகளுக்கு இரண்டு தேவைகள் இருந்தன: ஒன்று, குடிக்க நீர்; மற்றொன்று, கொள்ளையரிடமிருந்து பாதுகாப்பு. இவ்விரண்டையும் அளித்த அரசர்கள் சுங்கம் பெற்றனர். ஆகவே, நீர் தேங்கிய இடம் ஊராயிற்று. அந்நீரைக் காத்தவர் அரசராயினர்.

அரணுக்குரிய உறுப்புகளாக நீர், நிலம், மலை, காடு ஆகிய நான்கைத் திருக்குறள் சுட்டுகிறது. ராஜபுத்திர அரசர்களுக்கு நிலமும் மலையும் இயல்பாகவே கிடைத்தன. காடு இல்லாத குறையைச் சுற்றிலும் விரிந்த மணல்வெளி தீர்த்துவைத்தது. படையெடுத்து வருவோர் பல நாள் மணலில் நடந்து, நாவறண்டு, களைத்தே கோட்டையை அடைய வேண்டியிருந்தது. நான்காவது உறுப்பாகிய நீரை மட்டும் அவர்கள் தம் முயற்சியால் உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருந்தது. அம்முயற்சியின் வரலாறே இக்கட்டடங்களின் வரலாறு.

பொற்கோட்டை

பட்டி என்னும் ராஜபுத்திர மரபைச் சேர்ந்த ராவல் ஜெய்சல் 1156ஆம் ஆண்டில் திரிகூடம் என்னும் குன்றின்மேல் ஒரு கோட்டையை எழுப்பினார். அவர் பெயராலேயே நகரம் ஜெய்சல்மேர் எனப்பட்டது. கோட்டை ஏறத்தாழ 460 மீட்டர் நீளமும் 230 மீட்டர் அகலமும் உடையது. மதிலிலிருந்து அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் கொத்தளங்கள் 99. அவற்றுள் பெரும்பாலானவை 17ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்டவை. மஞ்சள் நிற மணற்கல்லால் ஆன மதில்கள் மாலை வெயிலில் பொன்போல ஒளிர்வதால் மக்கள் இதனைச் 'சோனார் கிலா', அதாவது பொற்கோட்டை என்றழைக்கின்றனர். சத்யஜித் ராய் இயக்கிய 'சோனார் கெல்லா' என்னும் வங்கத் திரைப்படம் 1974இல் வெளிவந்தபின் இதன் பெயர் நாடெங்கும் பரவியது.

அகாய் போல், சூரஜ் போல், கணேஷ் போல், ஹவா போல் என நான்கு வாயில்களைக் கடந்தே கோட்டையின் உச்சியை அடைய முடியும். 'போல்' என்பதற்கு வாயில் என்பது பொருள். வாயில்களுக்கு இடைப்பட்ட பாதை நேராகச் செல்லாமல் வளைந்து ஏறுகிறது. விரைந்து வரும் குதிரைப்படையும் யானைப்படையும் திருப்பங்களில் வேகம் இழக்கும். மேலிருந்து தாக்குவோருக்கு அது வாய்ப்பாக அமையும். மதில்மேல் அடுக்கிவைத்த உருண்டைக் கற்களை இன்றும் காணலாம். முற்றுகைக் காலத்தில் பகைவர்மீது உருட்டிவிடுவதற்காக வைக்கப்பட்டவை அவை.

மதிலுக்குள் அரண்மனையும், நுண்ணிய சிற்பங்கள் நிறைந்த சமணக் கோயில்களும், வைணவக் கோயில்களும், கடைத்தெருவும், குடியிருப்புகளும் உள்ளன. இந்தியாவின் பெரும்பாலான கோட்டைகளில் இன்று காவலரும் சுற்றுலாப் பயணியருமே நடமாடுகின்றனர். ஜெய்சல்மேர்க் கோட்டையில் சில ஆயிரம் மக்கள் இன்றும் குடியிருக்கின்றனர். அரசரிடம் பணியாற்றியோரின் வழித்தோன்றல்கள் பலர் அதே தெருக்களில் வாழ்கின்றனர். காலையில் கோயில் மணியும் பள்ளி செல்லும் பிள்ளைகளின் குரலும் ஒலிக்கும் கோட்டை இது.

இம்மக்களுக்கு நீர் எங்கிருந்து வந்தது? கோட்டையின் கீழே, நகரத்தின் தென்கிழக்கில் கடிசர் என்னும் ஏரி உள்ளது. 14ஆம் நூற்றாண்டில் மகாராவல் கட்சி சிங் அதனைத் திருத்திப் பெருக்கினார். சுற்றியுள்ள மேட்டுநிலத்தில் விழும் மழைநீர் வழிந்துவந்து ஏரியில் சேருமாறு நிலம் பேணப்பட்டது. நூற்றாண்டுகளாக நகரமக்களும் கோட்டைவாசிகளும் இவ்வேரி நீரையே குடங்களில் சுமந்துசென்றனர். ஒரு குடம் நீருக்காகக் குன்றில் ஏறி இறங்கியவர்கள் அதை வீணாக்கமாட்டார்கள். குளித்த நீரும் கழுவிய நீரும் மறுபயன் பெற்றன.

மழை அரிதாயினும், பெய்யும்போது சில மணி நேரத்தில் கொட்டித் தீர்த்துவிடும். கோட்டைக்குள் விழும் அந்நீர் தேங்கிநின்றால் குன்று நெகிழும் என்பதைக் கட்டியவர்கள் அறிந்திருந்தனர். எனவே, மழைநீர் நான்கு திசைகளிலும் விரைந்து வெளியேறுமாறு 'குட் நாலி' என்னும் வடிகால் அமைப்பை உருவாக்கினர். நீரை உள்ளே சேர்க்கவும் தெரிந்தவர்கள். வெளியே அனுப்பவும் தெரிந்தவர்கள்.

வெயிலை வென்ற மாளிகைகள்

அரசருக்குக் கோட்டை அமைந்ததுபோல வணிகருக்கும் அமைச்சருக்கும் அமைந்த பெருவீடு 'ஹவேலி' எனப்படும். ஜெய்சல்மேரில் குமான் சந்த் பட்வா என்னும் வணிகர் தம் ஐந்து மகன்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கிய ஐந்து ஹவேலிகள் புகழ்பெற்றவை. அவை கட்டிமுடிய அரை நூற்றாண்டு ஆயிற்று. அமைச்சர் சலீம் சிங்கின் ஹவேலி மேல்மாடம் விரிந்து தோகை மயிலை நினைவூட்டும். நத்மல் ஹவேலியின் முகப்பை ஹாத்தி, லாலு என்னும் உடன்பிறந்த சிற்பியர் இருவர் ஆளுக்கொரு பாதியாகச் செதுக்கினர். தொலைவிலிருந்து நோக்கினால் இருபுறமும் ஒன்றுபோலத் தோன்றும். அருகில் சென்று நோக்கினால் ஒவ்வொரு பூவும் கொடியும் வேறுபட்டிருக்கும்.

இம்மாளிகைகளின் அழகு கண்ணுக்கு மட்டும் உரியதன்று. ஒவ்வோர் உறுப்பும் வெயிலுக்கு எதிரான ஒரு விடை.

தெருக்கள் குறுகியவை. இருமருங்கும் உயர்ந்த வீடுகள் நிற்பதால் ஒன்றின் நிழல் மற்றொன்றின்மேல் விழுகிறது. தெருவை நோக்கி நீண்டிருக்கும் மாடப் பலகணிக்கு 'ஜரோக்கா' என்பது பெயர். அது தனக்குக் கீழுள்ள சுவருக்குக் குடையாகிறது. கல்லில் சல்லடைபோலத் துளையிட்ட சாளரம் 'ஜாலி' எனப்படும். அது கூசும் ஒளியைத் தடுக்கிறது. சிறு துளைகளின் வழியே காற்றை உள்ளே விடுகிறது. உள்ளிருப்போர் பிறர் கண்ணில் படாமல் தெருவைக் காணவும் உதவுகிறது. சுவரில் நெருக்கமாகச் செதுக்கிய பூவேலைப்பாடுகள் மேடுபள்ளமாக இருப்பதால் சுவர் தன்மீது தானே சிறுசிறு நிழல்களை வீழ்த்திக்கொள்கிறது.

தடித்த கற்சுவர் பகல் வெப்பத்தை உடனே உள்ளே விடுவதில்லை. வெப்பம் சுவரைக் கடந்து உட்புறத்தை அடைவதற்குள் மாலை வந்துவிடும். மரச்சட்டங்களின்மேல் மண்ணைக் கனமாகப் பரப்பிய கூரைகளும் அவ்வாறே வெப்பத்தைத் தாங்கின. மழை குறைந்த நிலம் ஆதலால் மண்கூரைக்கு ஊறு நேரவில்லை. வீட்டின் நடுவே உள்ள திறந்த முற்றத்தில் இரவின் குளிர்காற்று இறங்கித் தங்கும். கோடை இரவில் மக்கள் மொட்டைமாடியில் உறங்குவர். பகலில் கீழ்த்தளத்தின் உள்ளறைகளுக்கு வந்துவிடுவர். வீடு நிலையாக நின்றது. மனிதர் பொழுதுக்கேற்ப அதனுள் இடம்பெயர்ந்தனர்.

கட்டும் முறையும் நோக்கத்தக்கது. சாந்து குழைக்க நீர் மிகுதியாக வேண்டும். ஜெய்சல்மேரின் கல்தச்சர்கள் கற்களை ஒன்றோடொன்று பொருந்துமாறு வெட்டி, இரும்புப் பிணைப்புகளால் இறுக்கிச் சாந்தின்றியே பல மாடிகளை எழுப்பினர். நீர் அரிதான நிலத்துக்கு இம்முறை பெரிதும் பொருந்தியது.

வடகிழக்கில் உள்ள ஷெகாவதிப் பகுதியில் ஹவேலிகள் வேறொரு கதையைச் சொல்கின்றன. அங்குள்ள மண்டாவா, நவல்கர் முதலிய ஊர்களின் வணிகர்கள் கொல்கத்தாவுக்கும் மும்பைக்கும் சென்று பொருளீட்டினர். ஊரில் மாளிகை எழுப்பிச் சுவர்களை ஓவியங்களால் நிறைத்தனர். கண்ணன் கதைகளுக்கு அருகிலேயே புகைவண்டியும் மோட்டார் வண்டியும் தீட்டப்பட்டன. பிற்காலத்தில் குடும்பங்கள் பெருநகரங்களிலேயே தங்கிவிட்டன. பூட்டிய ஹவேலிகள் பலவற்றில் சாந்து உதிர்ந்து ஓவியங்கள் மங்குகின்றன. ஆள் புழங்காத வீடு எவ்வாறு அழியும் என்பதற்கு அவை சான்று.

தெரிந்து தெளிவோம்

ராஜஸ்தானின் மலைக்கோட்டைகள் ஆறு 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. அவை: சித்தோர்கர், கும்பல்கர், ரண்தம்போர், காக்ரோன், ஆம்பேர், ஜெய்சல்மேர். இவற்றுள் காக்ரோன் ஆறுகளால் சூழப்பட்ட நீரரண். ரண்தம்போர் காட்டின் நடுவே நிற்பது. ஜெய்சல்மேர் பாலைநிலத்தில் நிற்பது.

மலைமேல் ஒரு நீர்க்கணக்கு

மார்வார் நாட்டை ஆண்ட ராவ் ஜோதா, மண்டோரில் இருந்த தம் தலைநகரை 1459ஆம் ஆண்டில் மாற்றி, அருகிலிருந்த செங்குத்தான பாறைக்குன்றின்மேல் மெஹ்ரான்கர் கோட்டையை நிறுவினார். அதன் அடியில் வளர்ந்த நகரமே ஜோத்பூர். சுற்றியுள்ள நிலத்திலிருந்து ஏறத்தாழ 120 மீட்டர் உயரத்தில் நிற்கும் இக்கோட்டையின் மதில்கள் பாறையிலிருந்தே முளைத்தவைபோலத் தோன்றும்.

இக்கோட்டையின் தொடக்கம் குறித்து இரு செய்திகள் வழங்குகின்றன. அக்குன்றில் வாழ்ந்த சீரியா நாத்ஜி என்னும் துறவி, தம் இருப்பிடத்தை இழந்த வருத்தத்தில், இக்கோட்டை நீர்ப்பஞ்சத்தால் வாடுக எனச் சாபமிட்டார் என்பது ஒன்று. கோட்டை நிலைபெற வேண்டுமென ராஜாராம் மேக்வால் என்பவர் அடித்தளத்தில் உயிரோடு புதைக்கப்பட்டார் என்பது மற்றொன்று. அவருடைய நினைவுக்கல் கோட்டையில் இன்றும் உள்ளது. அரசர்களின் பெயரைத் தாங்கிய மதில்களின் அடியில் எளிய மக்களின் உயிரும் உழைப்பும் கிடக்கின்றன என்பதை அக்கல் நினைவூட்டுகிறது.

சாபக்கதையின் உண்மை எதுவாயினும், நீரைப் பற்றிய அச்சம் உண்மையானது. அதனால்தான் கோட்டையின் அடிவாரத்திலேயே ராணிசர், பதம்சர் என்னும் ஏரிகள் அமைக்கப்பட்டன. ராணிசர் ஏரியை வெட்டுவித்தவர் ராவ் ஜோதாவின் அரசி. குன்றின் சரிவுகளில் விழும் மழைநீரே அவற்றின் வரத்து. நகரத்துக்குள் படிக்கிணறுகளும் எழுந்தன. நீர்மட்டம் எவ்வளவு இறங்கினாலும் படிகளில் இறங்கி நீரை மொள்ளலாம் என்பதே அவற்றின் பயன். வீடுகளிலும் வயல்வெளிகளிலும் 'டாங்கா' என்னும் நிலவறைத் தொட்டிகளில் மழைநீர் சேமிக்கப்பட்டது.

சுவரில் பெய்த மழை

பிகானீர் நகரின் ஜூனாகர் கோட்டை குன்றின்மேல் நிற்பதன்று. சமநிலத்தில் அகழி சூழ நிற்பது. முகலாயப் பேரரசர் அக்பரின் படைத்தலைவர்களுள் ஒருவரான ராஜா ராய் சிங் 1589 முதல் 1594 வரை இதனைக் கட்டினார். பின்வந்த அரசர்கள் ஒவ்வொருவரும் ஒரு மகாலைச் சேர்த்தமையால், பல தலைமுறைகளின் கலைகள் இங்கு ஒன்றன்பின் ஒன்றாகக் காணப்படுகின்றன.

அவற்றுள் 'பாதல் மகால்', அதாவது முகில் மாளிகை நம் கருத்தைக் கவர்வது. அதன் சுவர் முழுவதும் நீலநிறத்தில் முகில்கள் சுருண்டு திரண்டு நிற்கின்றன, மின்னல் வெட்டுகிறது, மழைத்தாரை இறங்குகிறது. பிற நாட்டு அரசர்கள் சுவர்களில் போரையும் வேட்டையையும் தீட்டினர். பொன்னும் மணியும் பெற்றிருந்த பாலைவன அரசர் மழையைத் தீட்டச் செய்தார். எது அரிதோ அதுவே செல்வம் என்பதை அந்நீலச் சுவரைவிடத் தெளிவாகச் சொல்வது அரிது.

பஞ்சம் எழுப்பிய அரண்மனை

மழை பொய்த்தால் அரசின் கடமை யாது என்னும் வினாவுக்கு விடையாக எழுந்தது ஜோத்பூரின் உமைத் பவன் அரண்மனை. தொடர்வறட்சியால் மார்வார் உழவர்கள் வேலையின்றி வாடிய காலத்தில், மகாராஜா உமைத் சிங் 1929ஆம் ஆண்டில் இவ்வரண்மனைப் பணியைத் தொடங்கினார். ஹென்றி வான் லான்செஸ்டர் என்னும் ஆங்கிலேயர் இதன் கட்டடக் கலைஞர். 2,000 முதல் 3,000 பேர்வரை வேலை பெற்றனர். 347 அறைகள் கொண்ட இவ்வரண்மனை 1943ஆம் ஆண்டில் நிறைவுற்றது. கற்களைச் சாந்தின்றிப் பொருத்தும் பழைய முறையே இங்கும் பின்பற்றப்பட்டது.

பஞ்சகாலத்தில் அரண்மனை கட்டுவது முறையா என ஒருவர் வினவலாம். அவ்வுழைப்பைக் கொண்டு ஏரிகளை வெட்டியிருக்கலாமே என்றும் கேட்கலாம். நியாயமான வினாக்களே. ஆயினும், உழவர் குடும்பங்கள் பல ஆண்டுகள் கூலி பெற்றன என்பதும் உண்மை. ஒரு கட்டடத்தை மதிப்பிடும்போது அதன் அழகோடு, அது யாருடைய தேவைக்காக எழுந்தது, யாருடைய உழைப்பால் எழுந்தது என்பவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நீர் பெருகியபோது

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பாலையின் நிலை மாறியது. பஞ்சாபில் சட்லெஜ், பியாஸ் ஆறுகள் கூடும் இடத்துக்கு அருகில் உள்ள ஹரிகே அணையிலிருந்து ராஜஸ்தானின் மேற்குப் பகுதிக்கு நீர் கொண்டுவரும் பெருங்கால்வாய்ப் பணி 1958இல் தொடங்கியது. ராஜஸ்தான் கால்வாய் என்றழைக்கப்பட்ட அது பின்னர் இந்திரா காந்தி கால்வாய் எனப் பெயர் பெற்று, ஜெய்சல்மேர் மாவட்டத்தையும் எட்டியது. குடம் சுமந்த பெண்களின் துயர் தணிந்தது. கோட்டைக்குள் வீடுதோறும் குழாய்நீர் வந்தது. இது வரவேற்கத்தக்க மாற்றமே.

ஆனால், கோட்டை அம்மாற்றத்துக்கு ஆயத்தமாக இல்லை. சுற்றுலா வளர்ந்ததால் பழைய வீடுகள் தங்கும் விடுதிகளாயின. குளியலறைகளும் கழிப்பறைகளும் பெருகின. குடத்தில் வந்த நீரின் அளவுக்கு அமைந்த கோட்டையில் குழாய்நீர் பாய்ந்தது. புதிய கட்டுமானங்கள் குட் நாலி வடிகால்களை அடைத்துவிட்டன. வெளியேற வழியற்ற கழிவுநீர் குன்றுக்குள்ளேயே கசிந்தது.

திரிகூடக் குன்று உறுதியான கரும்பாறையன்று. எளிதில் நெகிழும் படிவுப்பாறை. நீர் ஊறியபோது அடித்தளம் தளர்ந்தது. அரசியின் மாளிகையாகிய ராணி மகாலின் பகுதிகளும் மதிற்சுவர்களும் இடிந்தன. உலக நினைவுச்சின்ன நிதியம் என்னும் பன்னாட்டு அமைப்பு 1998இலும் 2000இலும் இக்கோட்டையை இடர்மிகுந்த சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. ராணி மகாலின் ஒரு பகுதி பின்னர்ச் சீரமைக்கப்பட்டது. எட்டு நூற்றாண்டுகளாக முற்றுகைகளையும் வறட்சியையும் தாங்கிய கோட்டை, நீர் மிகுந்த சில பத்தாண்டுகளில் நலிந்தது.

காத்தல் என்பது யாது?

மக்களை வெளியேற்றிவிட்டால் கோட்டை பிழைக்கும் எனக் கருதுவோர் உள்ளனர். அதனால் நீர்க்கசிவு குறையலாம். ஆனால், பல தலைமுறைகளாக அங்கு வாழ்வோரை எங்கே அனுப்புவது? அவர்கள் சென்றபின் எஞ்சுவது வெறும் மதில்கள். ஷெகாவதியின் பூட்டிய ஹவேலிகள் அந்நிலையை நமக்கு முன்னரே காட்டிவிட்டன. வேறொரு வழியும் உண்டு. கழிவுநீர்க் குழாய்களைப் பழுதின்றி அமைத்தல், அடைபட்ட பழைய வடிகால்களைத் திறத்தல், குன்றின் தாங்குதிறனுக்கு மிஞ்சிய கட்டுமானங்களைத் தடுத்தல், தங்குவோரும் வாழ்வோரும் நீரை அளந்து பயன்படுத்துதல் ஆகியன அவ்வழியின் படிகள். இது செலவும் பொறுமையும் வேண்டும் பணி. எனினும் கோட்டையையும் அதில் வாழ்வோரையும் ஒருங்கே காக்கும் வழி இதுவே.

பழமையைக் காப்பது என்றால் இடிந்த சுவரில் கல்லை எடுத்துவைப்பது என்றே பலர் எண்ணுகின்றனர். அக்கல் ஏன் அங்கு வைக்கப்பட்டது, மழைநீர் எவ்வழியாகச் சென்றது, நிழல் எத்திசையில் விழுந்தது என்பவற்றை அறியாமல் செய்யும் சீரமைப்பு நெடுநாள் நில்லாது. பாலைநிலத்துக் கல்தச்சர்களும் ஏரி வெட்டியவர்களும் நூல் எழுதி வைக்கவில்லை. தம் அறிவைக் கல்லிலும் நிலத்தின் சரிவிலும் எழுதிச் சென்றனர். அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே அக்கோட்டைகளைக் காக்கவும் தெரியும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள பழைய வீடு, கோயில், சத்திரம் ஆகியவற்றுள் ஒன்றைப் பார்வையிட்டு, மழைநீர் வெளியேறவும் வெப்பம் குறையவும் அதில் செய்யப்பட்டுள்ள ஏற்பாடுகளைக் குறிப்பெடுத்து வகுப்பில் பகிர்க.

2. 'மக்கள் வாழும் கோட்டையிலிருந்து அவர்களை வெளியேற்றலாமா?' என்னும் தலைப்பில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.

3. பாதல் மகாலின் சுவர் ஓவியம், பாலைநில மக்களின் எந்த ஏக்கத்தை உணர்த்துகிறது? ஒரு பத்தி அளவில் எழுதுக.